பூச்சியம் தசம் ஒன்பது

எங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்று மாதமாக விடாமல் கேட்கிறார். எனக்கு உடனே ஞாபகம் வருவது உயிரியல் வகுப்புத்தான். முதல்நாள் போட்டியில் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்ட நண்பன் பின்வாங்கில் இருந்து அழுகிறான். சேர் ஆறுதல் சொல்லவில்லை, எங்கள் பக்கம் திரும்பி, "கண்ணீர் ஏன் உப்புக் கரிக்குது, சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

நான் எழும்பி, நாங்கள் கடலிலிருந்து வந்த உயிர்கள்தானே சேர் என்றேன், பெரிய மேதை மாதிரி.

"கடல்நீரில லீற்றருக்கு 35 கிராம் உப்பு. உம்மட இரத்தத்தில 9 கிராம் அளவுதான், கண்ணீரும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். மிச்சம் 26 கிராமையும் எங்க விட்டிட்டு வந்தனீர்?"

வகுப்பே சிரித்தது, அழுதவனும்தான்.

அப்புறம் அவர் விளக்கியது இன்னும் மறக்கவில்லை. தண்ணீரை நேரே இறைக்கிற பம்பு உடம்பில் கிடையாது. கண்ணீர்ச் சுரப்பி சோடியத்தையும் குளோரைட்டையும் வெளியே தள்ளும், தண்ணீர் அதன் பின்னால் தானாக வரும், பரீட்சைக்குப் பாடமாக்கினோமே பிரசாரணம், அதுதான். உப்பை அனுப்பாமல் நீரை வரவழைக்க முடியாது. இதற்கெல்லாம் அடியில் ஓடுகிற உப்புப் பம்பு கலத்திலிருந்து 3 சோடியத்தை வெளியே விட்டு 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அதை 1957இல் கண்டறிந்த யென்ஸ் ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997இல் என்று பிறகு வாசித்தேன். நாற்பது வருஷம்! எங்கள் சங்கத்துக் கணக்கறிக்கை பரவாயில்லை.

"அப்ப எச்சில் ஏன் சேர் உப்பில்லை?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டது அந்த அழுமூஞ்சிதான். நல்ல கேள்வி. எச்சிலும் சுரக்கும்போது உப்புத்தானாம், வாய்க்கு வரும் குழாயின் சுவர் சோடியத்தை மீள உறிஞ்சிவிடும். வியர்வையும் அப்படியே, ஆனால் ஓடி விளையாடி வேகமாக வழியும்போது உறிஞ்ச நேரம் போதாது, அதனால் கூடக் கரிக்கும். கண்ணீருக்கு அந்தளவு வடிகட்டல் இல்லை, இல்லாததும் நல்லதுதான், உப்பில்லாத குளத்துத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த எரிவு தெரியும்.

"உமக்கு மூக்கு ஓடுறதும் கண்ணீர்தான், கண்ணிலயிருந்து மூக்குக்கு ஒரு கான் இருக்கு" என்று சொல்லி, அந்த லீற்றருக்கு 9 கிராமைக் கரும்பலகையில் 0.9% என்று எழுதிவிட்டுப் போனார் சேர்.

அன்றைக்கு விழுந்த பட்டப்பெயர், பூச்சியம் தசம் ஒன்பது. இப்போது அவன் தாத்தா. தொலைபேசியில் அப்படிக் கூப்பிட்டால், பேரப்பிள்ளைகளுக்குக் கேட்காத அறைக்குப் போய்த்தான் பதில் சொல்லுவான்.