மூன்று பெட்டியில் நான்கு இதழ்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுன் வீட்டின் மேல்மாடியில் மூன்று பெட்டிகளில் கிடந்த அமெரிக்க காமிக்ஸ் இதழ்களை விற்றுவிடுவது என்று முடிவெடுத்த பிறகு, அவற்றில் எவற்றைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்புவது என்ற கேள்வியில் ஏறத்தாழ ஒரு மாதம் போயிற்று. பெரும்பாலானவை பள்ளி நாள்களில் சௌராஸ்தா மார்க்கெட் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. மதிப்பிடும் நிறுவனங்களில் பலரும் நாடுவது ஃபுளோரிடாவின் சாராசோட்டாவில் இருக்கும் சிஜிசி. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்நிறுவனம் இதழை ஆராய்ந்து, 0.5 முதல் 10 வரையிலான அளவுகோலில் ஓர் எண்ணைத் தந்து, கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பும். அந்த உறையைத்தான் சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்கிறார்கள். உறையிடாத இதழுக்கு ‘ரா’ என்று பெயர்.

தொடக்கத்தில் நான் செய்தது எல்லாரும் செய்யும் தவறுதான். 1988இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 300ஆம் இதழ், அதாவது வெனம் என்ற வில்லன் முழுமையாகத் தோன்றும் முதல் இதழ், 9.8 மதிப்பெண்ணுடன் என்ன விலைக்குப் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதை ரிங்கிட்டில் பெருக்கி மகிழ்ந்துகொண்டிருந்தேன். அக்காள் மகன்தான் தடுத்தான். “கேட்கிற விலையைப் பார்க்காதீங்க மாமா, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. அதுவும் உங்க புத்தகத்துக்கு என்ன நம்பர் வருமோ அந்த நம்பர்ல பாருங்க.” அவன் சொன்னபடி 9.8ஐ விட்டு 9.0க்கும் 8.5க்கும் இறங்கிப் பார்த்தபோது விலை படிப்படியாகக் குறையவில்லை. உச்சியை விட்டதுமே சரிந்து விழுந்தது.

ஆகவே முதலில் என் இதழ்களுக்கு என்ன எண் வரும் என்று நானே கறாராகக் கணிக்க வேண்டியதாயிற்று. பினாங்கில் இருப்பவனுக்கு இங்கேதான் சிக்கல். கடற்காற்றும் ஆண்டு முழுவதும் குறையாத ஈரப்பதமும் முதலில் தாக்குவது தாளையல்ல, இதழின் நடுவே அடித்திருக்கும் ஸ்டேபிள் பின்னை. விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், வெளியில் பளபளவென்று இருந்த பல இதழ்களின் நடுப்பக்கத்தில் துரு தாளுக்குள் இறங்கிப் பழுப்பு வட்டமாகப் படிந்திருந்தது. அட்டையில் விழுந்த மடிப்பு, நிறம் உடையாமல் வெறும் வளைவாக இருந்தால், வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பிரஸ்ஸிங் மூலம் பெரும்பாலும் நேராக்கலாம். வெள்ளைக் கோடாக நிறம் உடைந்துவிட்டாலோ, துருக்கறை ஏறிவிட்டாலோ அதனால் பயனில்லை. கடைக்காரர் அட்டையிலேயே குத்திய முத்திரைகளையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் அவற்றை நான் கவனித்ததுகூட இல்லை.

அடுத்தது கணக்கு. மதிப்பீட்டுக் கட்டணம், பிரஸ்ஸிங், போகவர அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஓர் இதழுக்கு 300 ரிங்கிட் ஆகும் என்று வைத்துக்கொண்டேன். ராவாக விற்றால் கிடைக்கும் தொகைக்கும், எதிர்பார்க்கும் எண்ணுடன் ஸ்லாப்பில் விற்றால் கிடைக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாடு அதைப்போல் இரு மடங்காவது இல்லையென்றால் அனுப்புவதில்லை என்று ஒரு விதியும் வகுத்தேன். என் கணிப்பு அரை எண் பிசகினாலும் கைநட்டம் வராமல் இருக்கத்தான் இந்த இரு மடங்கு.

இந்த விதியில் முதலில் அடிபட்டது 1991இன் எக்ஸ்-மென் முதல் இதழ். என்னிடம் இருப்பது துருவே படாத அருமையான படி; ஆனால் அந்த இதழ் ஐந்து அட்டைகளில் எண்பது லட்சம் படிகளுக்கு மேல் விற்பனைக்குப் போனது, வாங்கிய பலரும் நாளைக்கு விலை ஏறும் என்று அப்படியே பத்திரப்படுத்தி வைத்தார்கள். எங்கும் கிடைக்கும் பொருளுக்கு 9.8 கிடைத்தாலும் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அதே ஆண்டில் வந்த நியூ மியூட்டன்ட்ஸ் 98, டெட்பூல் என்ற பாத்திரம் முதன்முதலில் தோன்றியது, ஓரங்கள் கூர்மையாக இருந்ததால் தேறியது.

மனம் கசந்தது இன்னொன்றில். கருப்பு அட்டை கொண்ட ஒரு பழைய எக்ஸ்-மென் இதழின் முதுகில் இருந்த வெள்ளைக் கீறலைப் பன்னிரண்டு வயதில் கருப்பு மார்க்கர் பேனாவால் நானே அழகாக மறைத்திருக்கிறேன். மதிப்பிடுபவர்கள் அதை நிறம் பூசிய வேலையாகக் கண்டுகொண்டால் ஸ்லாப்பில் வழக்கமாக இருக்கும் நீலச் சீட்டுக்குப் பதில், மீட்டமைக்கப்பட்டது என்று சொல்லும் ஊதாச் சீட்டு வரும். ஊதாவைக் கண்டால் வாங்குபவர்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கேட்கிறார்கள். மார்க்கர் பூசிய இடத்தை அருகில் படம் எடுத்துக் காட்டி, உள்ளதைச் சொல்லி, ராவாகவே விற்கப் போகிறேன்.

மூன்று பெட்டிகளையும் சலித்ததில் தேறியவை நான்கு இதழ்கள். ஸ்பைடர்மேன் 300ஐ முதலில் ஒதுக்கிவிட்டேன். முதுகில் இரண்டு சிறு நிறமுறிவுகள் இருந்தாலும் பின்கள் சுத்தமாக இருப்பதால் 9.0க்கு விதி பொருந்துகிறது என்று தெரிந்து மீண்டும் சேர்த்தேன். சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் கட்டு எந்தக் கணக்கிலும் இல்லை. அவற்றை விற்கும் எண்ணமே எனக்கு இல்லை. நான்கையும் அமிலமற்ற அட்டையோடு உறையிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். பிரஸ்ஸிங் செய்பவரிடம் அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.