க்ராப்ரெடி வயலில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி

என்னிடம் ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் பெயர் எதுவும் கிடையாது. நீல மையில் ‘ஏ’ என்று மட்டும் எழுதியிருக்கும். என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன் வேலை மாறிப் போனபோது விட்டுச்சென்றது. அதன் முதல் பக்கத்தில் கடைசியாக வரும் பாட்டை ஒரு பெண் பாடுவாள். கடலுக்குப் போன காதலனைத் தேடி ஒருத்தி படகேறிப் போகிறாள். அவன் மூழ்கிப் போனான் என்று வழியில் தெரிகிறது. அவள் படகும் பாறையில் மோதுகிறது. அங்கே கதை தீர்ந்துவிடும், ஆனால் கிதாரும் வயலினும் நிற்காது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு அலை மாதிரி எழும்பும். அது உச்சிக்குப் போகும் நேரத்தில் டேப் தீர்ந்து ‘டக்’கென்று நின்றுவிடும்.

நான்கு வருடம் அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டேன். பாடியது யார், எந்தக் குழு, அந்த வாத்தியங்கள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தன, ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1971இல் வந்தது. அதில் ஒரு பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட்டோடு சேர்ந்து ஒரு பெண் பாடுகிறாள். முதல் வரியிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேசட்டில் கேட்ட அதே குரல்! உறையைத் தேடிப் பார்த்தேன். சாண்டி டென்னி என்று இருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேயக் குழு கிடைத்தது. கேசட்டில் இருந்தது அவர்களுடைய ‘எ செய்லர்ஸ் லைஃப்’, 1969இல் வந்த பதிவு, பதினோரு நிமிடத்துக்கும் மேல். முழுதாகக் கேட்ட அன்று இரவு தூங்கவில்லை.

2017 ஆகஸ்டில் இங்கிலாந்துக்குப் போனதற்கு இதுதான் காரணம். அந்த வருடம் குழுவுக்கு ஐம்பது வயது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் க்ராப்ரெடி என்ற சின்ன கிராமத்தில் ஒவ்வொரு ஆகஸ்டும் இவர்கள் நடத்தும் மூன்று நாள் விழாவுக்கு ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

லண்டனில் முதல் வேலையாக மஸ்வெல் ஹில்லுக்குப் போனேன். வட லண்டனில் மேடான ஒரு பகுதி. அங்கே ஃபோர்ட்டிஸ் கிரீன் சாலையில் ‘ஃபேர்போர்ட்’ என்று பெயர் வைத்த பெரிய வீடு ஒன்று இருக்கிறது. குழுவின் கிதார் கலைஞர் சைமன் நிக்கோலின் குடும்பத்துக்கு அப்போது சொந்தமாயிருந்த வீடு. 1967இல் பையன்கள் மாடியில் ஒத்திகை பார்த்தார்கள், குழுவுக்கு வீட்டின் பெயரையே வைத்தார்கள். எதிர்ச் சாரியில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். இப்போது யாரோ குடியிருக்கும் சாதாரண வீடுதான், ஆனாலும் எனக்கு மாடி ஜன்னலை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை.

மறுநாள் லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து ரயிலில் பான்பரி வரை போனேன். ஒரு மணி நேரம் சொச்சம். க்ராப்ரெடியில் ரயில் நிலையம் இல்லை, 1950களிலேயே மூடிவிட்டார்கள். பேருந்தில் போகலாம் என்றார்கள். நான் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க் கரையோரமாக நடந்தேன். முன்பு படகை இழுத்துச் செல்லும் குதிரைகளுக்காகப் போட்ட பாதை அது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. படகுகளை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் லாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஊர் நெருங்க நெருங்கக் கரையை ஒட்டி ஒடுக்கமான நீளப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. விழாவுக்குப் படகிலேயே வந்து, படகிலேயே தங்குகிறவர்கள் அவர்கள். ஒரு படகின் கூரையில் யாரோ பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் இன்னும் நுழையவில்லை, அதற்குள் எனக்கு விழா தொடங்கிவிட்டது.

வயல் மேடையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. மேடை ஒன்றே ஒன்று. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த மேடைக்குப் போவது என்ற ஓட்டம் இல்லாததால் வந்தவர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு மூன்று நாளும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் தங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்க நீளக் கம்பில் கொடி கட்டி வைக்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியோடு பேசாமல் இருக்க முடியுமா? பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐந்து நிமிடத்தில் ஒரே கேள்விக்கு வந்துவிடும்: உங்களுக்கு முதலில் எப்படிக் காதில் விழுந்தது?

எனக்கு இடப்பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும். 1969இல் அவருடைய அண்ணன் ஒரு ரெக்கார்டு வாங்கி வந்தாராம். ஐலண்ட் ரெக்கார்டு நிறுவனம் தன் கலைஞர்களின் பாட்டுகளை ஆளுக்கொன்றாகச் சேர்த்து மலிவாக வெளியிட்ட தொகுப்பு, ‘யூ கேன் ஆல் ஜாயின் இன்’. உறையில் அந்தக் கலைஞர்கள் லண்டன் ஹைட் பார்க்கில் கும்பலாக நிற்கும் படம். அதில் ஃபேர்போர்ட்டின் ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ இருந்தது. “அண்ணன் மற்ற பாட்டுகளுக்காக வாங்கினான். அவன் வெளியே போனதும் நான் இந்த ஒரு பாட்டை மட்டும் போட்டுக் கேட்பேன். ஊசி பட்டுப் பட்டு அந்த இடம் தேய்ந்துபோய், ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான்” என்றார். திட்டினாரா என்று கேட்டேன். இல்லையாம். ரெக்கார்டை அவர் கையிலேயே கொடுத்து, இனி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் இப்போது இல்லை. ரெக்கார்டு இருக்கிறது.

அவருக்கு அடுத்து இருந்தவர் இவர்களைப் பிரெஞ்சுக் குழு என்றே இரண்டு வருடம் நம்பியிருந்தார். காரணம் இருக்கிறது. பாப் டிலனின் பாட்டு ஒன்றைப் பிரெஞ்சில் மாற்றிப் பாடி 1969இல் தனி ரெக்கார்டாக விட்டார்கள். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 21ஆம் இடம் வரை போனது. இவர் அதை வானொலியில் கேட்டிருக்கிறார். அந்தப் பதிவில் டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிள் அடுக்கி வைத்த நாற்காலிகளின் முதுகில் தட்டித் தாளம் போட்டார், நடுவில் அவை சரிந்து விழும் சத்தமும் பாட்டிலேயே இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் தன் மடக்கு நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினார். சட்டென்று நிறுத்திவிட்டார். நாங்கள் இருவரும் ஒன்றையே நினைத்தோம்.

பாட்டு வெளிவந்தபோது லாம்பிள் உயிரோடு இல்லை. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. லாம்பிளுக்கு 19 வயது. குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். மற்றவர்கள் தொடர்வதா, கலைந்துவிடுவதா என்று யோசித்தார்கள். தொடர்வதென்றால் லாம்பிளோடு வாசித்த பாட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று முடிவானது. அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற இடத்தில் ஒரு பெரிய வீட்டை எடுத்துத் தங்கினார்கள். புதிதாக டேவ் மாட்டாக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார், டேவ் ஸ்வார்ப்ரிக் வயலினோடு முழுநேரமாகச் சேர்ந்தார். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் என்ற நாட்டுப்பாடல் நூலகத்துக்குப் போய்ப் பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்தார். நம்முடைய கதைப்பாடல்களைப் போல, எழுதியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாகவே வந்த பாட்டுகள். அவற்றுக்கு மின்கிதாரும் டிரம்ஸும் வைத்தார்கள். அந்த டிசம்பரில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ வந்தது.

ஆங்கில ஃபோக் ராக் என்று இன்று சொல்வது அந்த ரெக்கார்டில்தான் தன் உருவத்தைக் கண்டது என்பது என் கருத்து. துக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் நூறாண்டுகளாக மற்றவர்கள் துக்கத்தைச் சொல்லி வந்த பாட்டுகளில் போய்ச் சாய்ந்துகொண்டார்கள் என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

பின்வரிசையில் ஒரு அப்பாவும் மகளும். அப்பா பக்கத்து ஊர்க்காரர். 1979 ஆகஸ்ட் 4 அன்று குழு தன் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்து இதே க்ராப்ரெடியில் வாசித்தது. அன்று பகலில் நெப்வொர்த் என்ற இடத்தில் லெட் செப்பலினுக்கு முன்னால் வாசித்துவிட்டு, அங்கிருந்து நேராக இங்கே வந்தார்கள். இவர் அப்போது பள்ளிச் சிறுவன். வயல்களுக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது, சைக்கிளை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த திசையில் மிதித்தேன் என்றார். “முதல்முறை கேட்ட அன்றே விடைபெற்றுக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.” ஆனால் அடுத்த ஆகஸ்டிலும் கூடினார்கள், அதற்கடுத்த ஆகஸ்டிலும் கூடினார்கள். 1985இல் மறுபடி ஆல்பமும் வந்தது. இவர் ஒரு வருடம்கூட விடவில்லை.

மகள் சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். “நீங்கள் எல்லோரும் முதலில் கேட்ட நாளைச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படி ஒரு நாளே இல்லை. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இவர்கள் இல்லாத காலம் எனக்குத் தெரியாது, அதனால் இவர்களைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.” அப்பா அவள் தோளில் கை வைத்தார். அவள் அதை வருத்தமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது, அவளுக்கு என் கேசட்மேல்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் ஒன்று புரிந்தது. இந்தக் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வந்தவர் போனவரை எண்ணினால் இருபதைத் தாண்டும். அதனால் யார் எந்த வருடத்தில் நுழைந்தாரோ அவருக்கு அதுவே உண்மையான ஃபேர்போர்ட். சாண்டி டென்னி வழியாக வந்தவர்களுக்கு 1969 இறுதியில் அவர் விலகியதோடு பாதி வெளிச்சம் போய்விட்டது. நானும் அந்தக் கூட்டம்தான். ஸ்வார்ப்ரிக் வழியாக வந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், அவர்களுக்குக் கதை 1970இல்தான் தொடங்குகிறது. 2016 ஜூனில்தான் ஸ்வார்ப்ரிக் இறந்திருந்தார். அவர் பெயரைச் சொன்னதும் வயலில் பல பேர் குரல் தாழ்ந்தது.

சனிக்கிழமை இரவு. பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சைமன் நிக்கோல், ரிச்சர்ட் தாம்சன், ஆஷ்லி ஹட்சிங்ஸ், முதல் பாடகி ஜூடி டைபிள் எல்லோரும் மேடையில் நின்றார்கள். மஸ்வெல் ஹில் மாடியில் ஒத்திகை பார்த்தவர்கள், ஐம்பது வருடம் கழித்து. தாம்சன் கிதாரின் முதல் சுரத்தை இழுத்ததும் என் கேசட்டில் ‘டக்’கென்று நிற்கும் அந்த இடம் நினைவுக்கு வந்தது. இங்கே நிற்கவில்லை.

1978இல் 31 வயதில் இறந்த சாண்டி டென்னி அந்த மேடையில் இல்லை. அவர் எழுதிய, காலம் எங்கே போகிறது என்று கேட்கும் பாட்டு 1968இலேயே ஜூடி காலின்ஸ் பாடி அமெரிக்கா வரை போய்விட்டது. பின்னால் நீனா சிமோனும் பாடினார். அந்தப் பாடகிகள் வழியாகவே சாண்டியிடம் வந்து சேர்ந்ததாகச் சொன்ன இரண்டு பேரை அந்த வயலிலேயே பார்த்தேன்.

விழா எப்போதும் ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ பாட்டோடுதான் முடியும். ரிச்சர்ட் தாம்சன் இருபது வயது நிரம்பும் முன்னே எழுதியது. வயல் முழுக்க எழுந்து நின்றது. பாட்டு தொடங்கியதும் மேடைக் குரலை விட எங்களைச் சுற்றியிருந்த குரல்கள் பெரிதாகிவிட்டன. அந்த அம்மா பாடவில்லை. கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கடைசி வரை கேட்டார். முடிந்ததும் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு நாற்காலியை மடக்கத் தொடங்கினார்.

திரும்பும் ரயிலில் அந்தப் பழைய அறைத் தோழனுக்கு எழுதினேன். பத்து வருடத்துக்கு மேல் பேச்சில்லை. நீ விட்டுப்போன கேசட்டால் எங்கே வந்து நிற்கிறேன் பார் என்று படங்களையும் அனுப்பினேன். பான்பரி தாண்டி அரைமணி நேரத்தில் பதில் வந்தது. அவனுக்குச் சந்தோஷம். ஆனால் அந்தக் கேசட் அவனுடையது இல்லையாம். அவன் அந்த அறைக்கு வந்தபோதே ஜன்னல் திண்டில் கிடந்ததாம், முன்பு இருந்தவர் யாரோ விட்டுப்போனது. அவன் அதை ஒருநாளும் போட்டுக் கேட்டதே இல்லையாம்.