டென்ஷன் ஆகாதே என்று சொல்பவர்களுக்கு

என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். வீடு பந்தலூர் பக்கம், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல, "டென்ஷன் ஆகாதே, குழந்தை முன்னாடியே பிறந்துடும்" என்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும்போது, அதைத் தூண்டிவிட்ட சிஆர்ஹெச் ஹார்மோனை மூளை குறைத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி நேர் எதிர். கார்டிசால் ஏற ஏற அதே சிஆர்ஹெச்சை இன்னும் அதிகமாகச் சுரக்கும். ரத்தத்தில் இது சீக்கிரமே ஏறிவிடும் பெண்களுக்குப் பிரசவமும் முந்திவிடுகிறது என்று 1995-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2005-இல் வடக்கு சிலியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அப்போது முதல் மூன்று மாதத்தில் இருந்தவர்களிடம் குறைப்பிரசவம் கூடியது தெரியவந்தது. நிலநடுக்கம் என்பதால் "நீ ஏன் கண்டதையும் யோசிச்சே?" என்று அந்தப் பெண்களை யாரும் கேட்டிருக்க முடியாது. எனக்கு அந்த ஆய்வு பிடித்ததே அதனால்தான்.

கவலையோடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாதம் நிறைந்துதான் பிறக்கிறது, அதையும் யாராவது அவளிடம் சொல்லலாம்.

சரி, இவளுக்கு என்னதான் கவலை? கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். குழுக் கடன் தவணை வாராவாரம். எல்லாவற்றுக்கும் மேலே யானை. பலாப்பழக் காலத்தில் லைன் வீட்டு வாசல்வரை வரும். கக்கூஸ் வெளியே இருக்கிறது. ராத்திரி கதவைத் திறக்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். வந்தாலும் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நர்ஸம்மாதான் பக்குவமாகக் கேட்டு யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். தொற்று இருந்தது. சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் அதுவே குறைப்பிரசவத்துக்கு வழி. மனசு வேறு உடம்பு வேறு என்று பேசுகிறவர்கள் இதில் எதை எந்தப் பக்கம் வைப்பார்களோ!

மாத்திரையில் தொற்று சரியானது. அம்மா இப்போது ராத்திரி அவளோடு படுக்கிறார். மூடி போட்ட வாளி ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முதலில் கூச்சப்பட்டாள், அப்புறம் பழகிவிட்டது. குழுக் கூட்டத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் போகிறேன். தேவாலா பக்கம் மழை பிடித்தால் ரோடு எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் எட்டாம் மாதம் பிறந்ததும் கூடலூரில் சித்தி வீட்டுக்கு மாறப் போகிறாள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அங்கிருந்தும் ஊட்டிக்கு 50 கிலோமீட்டர்.

விட்டு விட்டு அடிவயிறு இறுகினால், இடுப்பு வலி வந்து வந்து போனால், தண்ணீர் கசிந்தால், ரத்தம் பட்டால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது என்றார் நர்ஸம்மா. நேரத்தோடு போனால் குழந்தையின் நுரையீரல் தேற ஊசி போட முடியும். 108 வரத் தாமதமானால் என்ன செய்வது என்று பக்கத்து லைனில் ஜீப் வைத்திருக்கும் மாமாவிடமும் பேசினோம். எந்த நேரத்தில் எழுப்பினாலும் வருவாராம், டீசல் காசு மட்டும் முன்கூட்டியே வேண்டுமாம். கொடுத்துவிட்டோம்.