ஊர் பேர் தெரியாத ஃபேமிகாம் கேசட்: திறந்து, டம்ப் எடுத்து, மூலம் தேடியது

நின்டெண்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவிக்கான 60 பின் கேசட். லேபிளில் ‘1000 இன் 1’, கம்பெனி பெயர் இல்லை. கள்ளக் கேசட்டில் லேபிளும் ஷெல்லும் சாட்சிக்கு உதவாது. ஒரே அச்சில் வார்த்த ஷெல்லைப் பல பேர் வாங்கிப் போட்டிருப்பார்கள். போர்டையும், கேம் பதிந்திருக்கும் ரோம் சிப்பையும்தான் கேட்க வேண்டும். ரோமில் இருப்பதை அப்படியே கணினிக்கு நகலெடுப்பதுதான் டம்ப்.

ஷெல் பக்கவாட்டுக் கொக்கிகளில் நிற்கிறது. பொருத்துக் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல் கொடுத்துச் சுற்றி வந்தால் திறந்துகொள்ளும்.

போர்டில் முதலில் எழுத்துகளைத் தேட வேண்டும். ‘கேஎஸ்’ என்று தொடங்கும் எண் கைசர் என்ற கள்ளக் கேசட் தயாரிப்பாளர் பக்கம் கைகாட்டும். ‘டிஎக்ஸ்சி’ என்றால் மைக்ரோ ஜீனியஸ் பிராண்டை விற்ற தைவான் நிறுவனம். இந்தப் போர்டில் எதுவும் இல்லை. ரோம்கள் இரண்டும் கறுப்பு எபாக்ஸிச் சொட்டுக்கு அடியில். பக்கத்தில் ஒரு 74எல்எஸ்174 (ஆறு பிட்டைப் பிடித்து வைக்கும் லாட்ச் சிப்), அதன் முதுகில் 9123. அதாவது 1991, 23ஆம் வாரம். கேசட் அதற்கு முன்பு பிறந்திருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. பழைய சிப்பைப் பிறகு போட்டிருக்கலாம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர். 30, 31 ஆகிய 5 வோல்ட் பின்கள் 1, 16 ஆகிய கிரவுண்டோடு ஷார்ட் ஆகக் கூடாது. 45-உம் 46-உம் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபேமிகாமில் படம் வரும், சத்தம் வராது. பின்களை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். ரப்பர் வைத்துத் தேய்த்தால் முலாம் போய்விடும்.

சாதாரண 32 + 8 கேபி அமைப்பாக (நிரலுக்கு 32, படங்களுக்கு 8) ரீடரில், அதாவது கேசட்டைக் கணினிக்குப் படித்துத் தரும் கருவியில், படித்தால் 40,960 பைட் வருகிறது, மெனு மட்டும். 174-இன் ஆறு உள்ளீடுகளும் முகவரி ஏ0 முதல் ஏ5 வரை போகின்றன, டேட்டா பின்களுக்கு அல்ல. ஆகவே எந்த மதிப்பை எழுதுகிறோம் என்பது பொருட்டல்ல, எந்த முகவரியில் எழுதுகிறோம் என்பதுதான் பேங்கை, அதாவது ரோமின் எந்தத் துண்டு தெரிகிறது என்பதை, தீர்மானிக்கிறது.

அப்படி எழுதியும் ஒரே பேங்க் திரும்பத் திரும்ப வந்தது. காரணம் எம்2 கிளாக் (ஃபேமிகாமின் சிபியு அனுப்பும் துடிப்பு), 32ஆம் பின். ஃபேமிகாம் கேசட்டுக்கு ரீசெட் பின் கிடையாது. எம்2 நின்றுவிட்டதா என்பதை ஒரு டயோடும் கெபாசிட்டரும் பார்த்து லாட்ச்சை அழிக்கின்றன. மலிவான போர்டில் அழகான தந்திரம். ரீடர் எம்2-வை விடாமல் துடிக்க வைக்காவிட்டால் லாட்ச் எப்போதும் பூஜ்யத்தில்தான் இருக்கும். ஸ்கிரிப்டில் அதைச் சேர்த்ததும் பேங்க்கள் மாறின.

64 நிலைகளையும் இரண்டு முறை படித்து சிஆர்சி32 (சரிபார்ப்பு எண்) ஒப்பிடல். இரண்டும் பொருந்தாத பேங்க் என்றால் பெரும்பாலும் பின் அழுக்கு. தனித்த 16 கேபி துண்டுகள் 16 மட்டுமே, அதற்கு நான்கு பிட் போதும். மீதி இரண்டு பிட்டில் ஒன்று மிரரிங்கை, அதாவது பின்னணிப் படம் கிடையாக மீள்கிறதா செங்குத்தாகவா என்பதை, மாற்றுகிறது (18ஆம் பின்), இன்னொன்று 16/32 கேபி முறையை. 256 கேபி ரோமுக்குள் ஆயிரம் கேம் எங்கே இருக்கும்? மெனுவின் ஒவ்வொரு வரியும் அதே கேம்களை வேறு லெவலில் அல்லது வேறு உயிர் எண்ணிக்கையில் தொடங்கி வைக்கிறது.

மூலம் தேட உண்மையில் உதவுவது இதற்குப் பிந்தைய வேலை. ஒவ்வொரு கேமையும் அசல் கேசட்டின் சுத்தமான டம்ப்போடு பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். சிஎச்ஆர் (படங்களுக்கான) ரோமில் வித்தியாசம் வரும் இடத்தை 16-ஆல் வகுத்தால் டைல் (8×8 புள்ளிச் சதுரம்) எண். இங்கே அவை டைட்டில் திரையின் உரிமை வரி டைல்கள், காலியாக்கப்பட்டிருக்கின்றன. பிஆர்ஜி (நிரலுக்கான) ரோமில் கடைசி 6 பைட்டின் நடு இரண்டுதான் ரீசெட் முகவரி, அதாவது தொடங்கும்போது சிபியு முதலில் போகும் இடம். அது கேமின் தொடக்கத்துக்குப் போகாமல், முன்பு வெற்றாக இருந்த ஓர் இடத்துக்குப் போகிறது. அங்கே சின்னக் கோட்: மெனு தந்த லெவல் எண்ணை ராமில் வைத்து, பழைய தொடக்கத்துக்குத் தாவுகிறது.

லேபிளை மாற்றலாம், போர்டை நகலெடுக்கலாம். இந்தத் துண்டுக் கோட் மட்டும் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. அதே பைட் வரிசை வேறு லேபிள் ஒட்டிய கேசட்டில் கிடைத்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று, அல்லது ஒன்றைப் பார்த்து இன்னொன்று. இதில் எது என்பதை மெனு நிரலும் அதன் எழுத்துரு டைல்களும் சேர்ந்து பொருந்துகின்றனவா என்று பார்த்தே பிரிக்க முடியும். அடுத்த வேலை அதுதான்.