கோமோ ஏரிக்கு மேலே ஒரு சரளைப் பாதை

இத்தாலியின் கோமோ ஏரி என்றாலே எல்லோரும் கரையோரச் சாலையைத்தான் சொல்வார்கள். அங்கே காரும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். எனக்குப் பிடித்தது ஏரியின் இரண்டு கிளைகளுக்கு நடுவே நிற்கும் மலை. இன்று காலை கோல்மா டி சொர்மானோ கணவாயில், 1,124 மீட்டர் உயரத்தில், தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்குள் திரும்பினேன். கொஞ்ச தூரத்திலேயே வண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் மாட்டு மணி மட்டும்தான்.

சரளைப் பாதைக்கென்றே செய்த என் கிராவல் சைக்கிளில் 40 மில்லிமீட்டர் டயர். ஏறும் முன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். அதுதான் முக்கியம். காற்று கெட்டியாக இருந்தால் சரளையில் சக்கரம் துள்ளும், ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். பீச் (beech) மரக் காட்டுக்குள் பாதை முழுக்கச் சருகு. அடியில் கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, ஹேண்டில்பாரைப் பிடித்த கைக்குத்தான் தெரியும். ஓர் இடத்தில் இறங்கித் தள்ளினேன். சரி, அதுவும் பயணம்தானே. சான் பிரிமோ மலைச்சரிவில் மரங்கள் விலகியதும் கீழே ஏரி, நீலமாக, அசைவே இல்லாமல்.

இறங்கி வரும்போது மதோன்னா டெல் கிசாள்ளோ என்ற மாதா கோயில். இந்த மாதாவைத்தான் 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். சின்னக் கோயில். உள்ளே சுவரெல்லாம் பந்தய ஜெர்சிகள், இத்தாலியின் பெரிய பந்தய வீரர்கள் கோப்பியும் பர்த்தாலியும் ஓட்டிய சைக்கிள்கள். சேறு அப்பிய சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.