ஜெல்லின் அடியில் நின்ற கோடுகள்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், இரண்டு வாரம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். ஈ.கோலை பாக்டீரியாவின் அந்த நொதியை டி.என்.ஏ.வோடு குழாயில் கலந்து, ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான நியூக்ளியோடைடுகளைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிச் சேர்த்து, குட்டித் துண்டுகள் அடிக்கு ஓடிவிடும் ஜெல்லில் ஓட்டி, எக்ஸ்ரே ஃபிலிமில் பதிப்பது என் வேலை. மேலே முழுநீள ஆர்.என்.ஏ. ஒழுங்காக வந்தது. ஆனால் அடியில், கறுத்துத் தடித்து, சில குட்டிக் கோடுகள். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி எங்கிருந்தோ புகுந்துவிட்டது என்றே நம்பினேன். கையுறை, டிப், பஃபர் எல்லாம் மாற்றியாயிற்று. கோடுகள் போகவில்லை.

என் கைடு ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "சிதைஞ்சிருந்தா இழுவலா இருக்கும்மா. இது ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதானே நிக்குது?"

அவை குப்பையல்ல, ஆர்.என்.ஏ. எழுதும் தொடக்கமே அப்படித்தான் என்று அன்று புரிந்தது. 1969இல் கண்டறியப்பட்ட சிக்மா என்னும் புரதம் பாலிமரேஸோடு சேர்ந்துகொண்டு, எழுதத் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 35, 10 எழுத்துகள் முன்னால் இருக்கும் -35, -10 என்ற இரண்டு இடங்களை அடையாளம் காண்கிறது. -10 பகுதியை ஒட்டி, பதின்மூன்று பதினான்கு எழுத்து இணைகள் அளவுக்கு டி.என்.ஏ. பிரிந்து திறக்கிறது. இதுவரை பாடப்புத்தகம் சொல்லும். அதன்பின் நொதி ஓடிவிடுவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று, முன்னாலிருக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துச் சுருட்டுகிறது. 2006இல் வந்த ஒற்றை மூலக்கூறு ஆய்வுகள் இதை நேரடியாகக் காட்டின. ஆர்.என்.ஏ. வெளியேற வேண்டிய வழியில் சிக்மாவின் ஒரு பகுதியே அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சில எழுத்துகள் எழுதிய துண்டு நழுவி விழ, நொதி மறுபடி முதலிலிருந்து எழுதுகிறது. பலமுறை விழுந்த பிறகுதான் ஒன்று தப்பி நீள்கிறது. நான் மாசு என்று நினைத்தவை அந்த விழுந்த துண்டுகள்.

அடுத்த வாரம், நியூக்ளியோடைடு சேர்க்கும் முன்பே குழாயில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் விட்டேன். மேல் கோடு மறைந்தது. இரண்டு மூன்று எழுத்துத் துண்டுகள் மட்டும் மிஞ்சின. ஆர்.என்.ஏ. நீளும் பாதையை மறித்து உட்காரும் மருந்து அது. முதல் சில எழுத்துகளைத் தாண்டிவிட்ட நொதியை அதனால் தடுக்க முடியாது. இவ்வளவு குறுகிய ஒரு கணத்தில் காசநோய்க் கிருமியைப் பிடித்துவிடுகிறதே என்று இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

இப்போது காசநோய் ஆய்வகத்தில் இருக்கிறேன். ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத் தரும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை, அந்த நொதியின் பீட்டா கூறுக்கான மரபணுவில் 81 இணைகள் கொண்ட ஒரு சிறு பகுதியில்தான் இருக்கின்றன. புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களிடம் அந்தப் பழைய ஃபிலிமைக் கொடுத்து, அடிக்கோடுகளைத் தொட்டுக் காட்டித்தான் அந்தப் பகுதியில் மாற்றங்களை ஏன் தேடுகிறோம் என்று சொல்லத் தொடங்குகிறேன்.