ஹீட்டருக்குள் இரண்டு சிரட்டைச் சுண்ணாம்பு

எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும். நான்கு ஆண்டுகளாக அந்த நீரைத்தான் எங்கள் 15 லிட்டர் ஹீட்டர் சுட வைத்துக்கொண்டிருந்தது. இந்த ஆடிச் சாரலில் அதைப் போட்டபோது, தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் உள்ளேயிருந்து வரத் தொடங்கியதால், திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஓர் அளவு எடுத்து வைத்தேன். 28 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 17 நிமிடம் வேண்டும். எங்களுடையதில் 19 நிமிடம் கழித்தே விளக்கு அணைந்தது.

ஞாயிறு காலை மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு அடிமூடியைக் கழற்றி, வேறு எதையும் தொடுமுன் டெஸ்டரால் முனைகளைச் சோதித்தேன். வயர்கள் இருந்த நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு உள்வரும் வால்வை மூடி, காற்று புகுவதற்காகச் சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்து, கீழேயுள்ள இணைப்புக் குழாயைக் கழற்றியதும் நீர் வாளியில் இறங்கியது. கடைசி இரண்டு லிட்டர் அரிசி கழுவிய நீர் போல வெளுத்து வந்தது.

போல்ட்டுகளைக் கழற்றி, காயில் பொருத்தியிருக்கும் தட்டை மெல்ல இறக்கியபோது, காயிலின் வளைவுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியாதபடி சுண்ணாம்பு அடைத்திருந்தது. விரலால் அழுத்தினால் முறுக்கு போல நொறுங்கியது. தொட்டியின் அடியில் கிடந்ததையும் வழித்தெடுத்தபோது இரண்டு சிரட்டை நிறைந்தது. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது சுண்ணாம்பு அல்ல, அதன் அருகில் இருந்த ஆனோடு. விரல் தடிமன் இருக்க வேண்டிய அந்த மக்னீசியக் கம்பியில், நடுவே ஓடும் மெல்லிய இரும்புக் கம்பியும் அதில் ஒட்டிய சில துணுக்குகளுமே மிஞ்சியிருந்தன. தொட்டியின் இரும்பு அரிக்காமலிருக்க அதற்கு முன்பாகத் தான் கரைந்துபோவதே அந்தக் கம்பியின் வேலை. அது தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டியில்தான் தொடங்கும். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை.

காயிலைச் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் ஊற வைத்தேன். சோடா போலப் பொங்கி, ஒன்றரை மணி நேரத்தில் செம்பு நிறம் தெரிந்தது. கத்தியால் சுரண்டினால் சீக்கிரம் முடியும் என்றாலும், காயிலில் கீறல் விழும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

தட்டின் ஓரத்தில் நீர் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டது என் கஞ்சத்தனம். நீர் நிரப்பிய கால் மணி நேரத்தில் ஓரத்தில் சொட்டத் தொடங்கியது. மறுநாள் கோட்டாற்றில் புதிய கேஸ்கெட்டும் ஆனோடும் வாங்கி வந்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றி மாட்டினேன். சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் நீர் சீராக வந்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். தொட்டி நிறையாமல் போட்டால் காயில் கருகிவிடும்.

இப்போது 18 நிமிடம். மிச்சமானது ஒரு நிமிடம்தான் என்பது முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் அது சரியே: நீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் சூடு சுண்ணாம்பைத் தாண்டியாவது நீருக்கே போயாக வேண்டும், ஆகவே கரண்ட் பில் பெரிதாகக் குறையப் போவதில்லை. சூடு வெளியேறத் தாமதமாகி, காயில் அளவுக்கு மீறிச் சுட்டு வெடிப்பதுதான் உண்மையான கேடு. குலசேகரத்தில் என் மாமியார் வீட்டு ஹீட்டரில் பல ஆண்டுகளாக இந்தத் தொல்லையே இல்லை. அங்கே வருவது மலைப்பக்கத்து மென்னீர்.

அம்மா 70 டிகிரிக்கு ஏற்றி வைக்கச் சொல்கிறார். சூடு கூடினால் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும் என்பதால் 60-லேயே விட்டிருக்கிறேன். அடுத்த ஆடியில் ஆனோடை மட்டுமாவது கழற்றிப் பார்ப்பதற்காக, மாட்டிய தேதியை அடிமூடியில் எழுதி வைத்திருக்கிறேன். சத்தம் நின்றுபோனதால், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.